வீட்டுக்குள் வராத மொழி

பள்ளிமுனை,
04.09.2024

றெபேக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அப்பாவுக்கு வருத்தம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் வள்ளம் தள்ளப் போன இடத்தில் மணலில் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்து வள்ளத்துக் கிறிஸ்ரிதான் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினவன். பாரிசவாதம் என்றார்கள். வலக் கையும் வலக் காலும் வேலை செய்யவில்லை. கோணிய வாய் கொஞ்சம் நேராகிவிட்டது. உயிருக்குப் பயமில்லை.

முதல் சில நாட்கள் அவரிடம் இருந்து சத்தமே இல்லை. பிறகு ஒரு காலை வாயைத் திறந்தார். அம்மா ஓடிப்போய்க் குனிந்து கேட்டார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, மூளை கலங்கிப் பிதற்றுகிறார் என்று நினைத்தோம். அந்த வார்ட்டின் டொக்டர் தெற்கில் இருந்து வந்த ஒரு சின்னப் பெட்டை. அவள் சிரித்த முகத்தோடு ஒரு கோப்பையில் தண்ணீர் வார்த்து அப்பாவுக்குப் பருக்கினாள். "ஐயா நல்லாக் கதைக்கிறது. சிங்களம் கதைக்கிறது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் எங்களுக்குச் சொன்னாள். சந்தோசமான செய்தி சொல்வதாகத்தான் அவள் நினைத்திருப்பாள், பாவம். அம்மா கட்டிலை விட்டு இரண்டடி தள்ளி நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து அப்பா சிங்களம் மட்டும்தான் கதைக்கிறார். தமிழில் ஒரு சொல் இல்லை. அம்மாவின் பெயர்கூட வாயில் வரவில்லை.

அம்மாவின் நேர்த்தியை நான் உனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பதினாறு வருசத்துக்கு முன் தம்பி றொஷானைச் சிங்களம் பேசினவர்கள் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன கிழமை, கோவிலில் மாதாவின் சுருவத்துக்கு முன் முழங்காலில் நின்று அம்மா சொன்னதை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். "என்ர பிள்ளை திரும்பி வருமட்டும் என்ர வீட்டுக்குள்ள ஒரு சிங்களச் சொல் கேக்காது, மாதாவே." அதற்காக ரீவியை விற்றார். தம்பியைத் தேடி முகாம் முகாமாக அலைந்த அப்பாவையும் பிடித்து, தெற்கில் எங்கேயோ மூன்று வருசம் அடைத்து வைத்துவிட்டு அனுப்பினார்களே, அந்த மனிதர் வந்த நாளில்கூட அம்மா படலையில் மறித்து அந்த நேர்த்தியைச் சொல்லித்தான் உள்ளே விட்டார். அப்பா தலையாட்டினார். அங்கே படித்த சிங்களத்தை இத்தனை வருசமும் வாய்க்குள் வைத்தே பூட்டியிருந்தார். இப்போது பூட்டு உடைந்துவிட்டது.

மனிதர் எப்படிக் கதைக்கிறார்கள் என்று படிப்பதற்கும் ஒரு பட்டம், அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு சம்பளம் என்று முன்பு உன்னைப் பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது கேட்கிறேன். இது என்ன? தமிழ் எங்கே போனது? திரும்பி வருமா?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. நான் வேலை செய்கிற நண்டுக் கொம்பனி விலாசத்தில் என் பெயருக்குப் போடு. தொலைபேசி எடுக்காதே. நீ ஒரு சிங்களவனைக் கட்டிய அன்று, தம்பி திரும்பி வரும்வரை உன்னோடு கதைப்பதில்லை என்று அம்மா என்னைக் குருசில் கை வைக்கப் பண்ணினார். எழுதுவதில்லை என்று நான் சத்தியம் பண்ணவில்லை.

செலீனா


மாத்தறை,
11.09.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கையெழுத்தை உறையில் கண்டதும் அண்ணாவைப் பற்றிய செய்தி என்று நினைத்துவிட்டேன். எப்போதும் அந்த நினைப்புத்தான் முதலில் வரும். பிறகு வாசித்தேன். என் கணவர் சுமேத வந்து என்ன என்று கேட்டபோது உறையைத்தான் காட்டினேன்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பெரும்பாலான மனிதருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் நடக்கிறது. உடம்பின் வலப்பக்கத்தையும் அந்த இடப்பக்கம்தான் ஆள்கிறது. அதனால்தான் அப்பாவின் வலக் கையும் பேச்சும் ஒன்றாக விழுந்தன. இரண்டு மொழி தெரிந்தவரின் தலைக்குள் தமிழுக்கு ஒரு அலுமாரி, சிங்களத்துக்கு ஒரு அலுமாரி என்று இல்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கித்தான் கிடக்கும். அடி விழும்போது சிலருக்கு இரண்டும் போகும், சிலருக்குத் தாய்மொழி மிஞ்சும். சிலருக்குப் பாதியில் படித்த மொழி மட்டும் மிஞ்சும். ஏன் என்று முழுதாகச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. மிஞ்சுவதை மனிதர் தெரிந்தெடுப்பதில்லை என்பது மட்டும் நிச்சயம். இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

தமிழ் அழிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். உள்ளே இருந்தும் வெளியே வர வழி அடைபட்டிருக்கலாம். மூன்று விசயம் செய்து பாருங்கள். தமிழில், "அப்பா, இடக் கையைத் தூக்குங்கோ" என்று சொல்லுங்கள். செபமாலையைத் தொடங்கிவிட்டு இடையில் நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டுப் பேசாமல் இருங்கள். செபமும் எண்ணிக்கையும் வசவும் மனதில் முழுக் கட்டியாகக் கிடக்கும், யோசித்துச் சேர்க்கத் தேவையில்லை. மற்றதெல்லாம் போனாலும் அவை சிலவேளை மிஞ்சும்.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். வருகிற மொழியைத் தடுக்காதீர்கள். அவரோடு யாராவது சிங்களத்தில் கதைக்க வேண்டும். ஒரு மொழி நடக்கத் தொடங்கினால் மற்றதும் பின்னால் வரக்கூடும். தடுத்தால் இரண்டும் போகலாம். சுமேத வந்து அவரோடு இருந்து கதைக்கத் தயார் என்கிறார். நாங்கள் வரட்டுமா? நான் வெளியே பஸ் நிலையத்தில் நிற்கிறேன், அவர் மட்டும் வந்தாலும் போதும்.

றெபேக்கா


பள்ளிமுனை,
20.09.2024

றெபேக்காவுக்கு,

உன் புருசன் இந்தப் பக்கம் வரவேண்டாம். வந்து படலையில் நின்றால் அம்மா கடலில் போய் விழுவார். நான் மிகைப்படுத்தவில்லை, அது உனக்கே தெரியும்.

நீ சொன்னபடி செய்து பார்த்தேன். இடக் கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினார். தண்ணீர்ப் போத்தலைக் காட்டச் சொன்னேன், காட்டினார். செபமாலை தொடங்கியபோது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எண்ணியதுதான் விசித்திரம். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று நிறுத்தினேன். அப்பா கட்டிலில் நிமிர்ந்து, நல்ல இடக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஏதோ ஒன்றைப் பலமாகச் சொன்னார். நாலும் இல்லை, ஐந்தும் இல்லை. எத்தனை தரம் எண்ணினாலும் அதே ஒன்றுதான்.

இன்னொரு விசயம் இருக்கிறது. எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆசுபத்திரியால் கொண்டுவந்த அன்று அம்மா அப்பாவை வீட்டுக்குள் எடுக்கவில்லை. முற்றத்தில் இருக்கிற வலைக் கொட்டிலில் கட்டில் போட்டார். நேர்த்தி "வீட்டுக்குள்ள" என்றுதானாம். கொட்டில் வீடில்லையாம். சத்தியத்தில் ஓட்டை பார்ப்பது எங்கள் குடும்பப் பழக்கம் போல, நானும் உனக்கு எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்.

அம்மாவைக் குறைவாக எண்ணாதே. அவரும் அங்கேதான் பாய் போட்டுப் படுக்கிறார். பீ மூத்திரம் அள்ளுவதும் அவர்தான். ஆனால் அப்பா வாய் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். உன் பெயரைச் சொல்லாமல் நீ சொன்னதைச் சொன்னேன், மிஞ்சுவதை மனிதர் தெரிந்தெடுப்பதில்லை என்று. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். நாப்பது வருசம் என்னோட தமிழில குடும்பம் நடத்தின மனுசனுக்கு என்ர பேர் மறந்திட்டுது, என்ர பிள்ளையைக் கொண்டுபோனவங்கட பேச்சு மறக்கேல்லை" என்றார். அதுவும் அப்பாவுக்கு முன்னால் வைத்து.

கொட்டிலில் ஒரு பக்கம் கிடுகு மறைப்பு இல்லை. மத்தியான வெயிலுக்கு ஊர்க் கழுதைகள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. இன்னும் சோளகக் காற்றுத்தான், மழை இல்லை. வாடையும் மழையும் தொடங்கினால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

செலீனா


மாத்தறை,
28.09.2024

அன்புள்ள அக்கா,

கொட்டிலில் போட்டதை வாசித்தேன். இடக் கையைத் தூக்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவருக்குத் தமிழ் விளங்குகிறது. அம்மா முகத்துக்கு நேரே சொன்னதெல்லாம் விளங்குகிறது. பதில் சொல்லத்தான் முடியவில்லை. இதை அம்மா தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே நான் சொல்வது ஒன்று உண்டு. தண்ணீர் என்ற சத்தத்தில் ஈரம் இல்லை. அந்தச் சத்தத்துக்கும் அந்தப் பொருளுக்கும் இயற்கையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டதால்தான் அது தண்ணீர். அதேபோல ஒரு மொழியில் பாவமும் இல்லை, கொடுமையும் இல்லை. கொண்டுபோனவர்கள் பேசிய மொழியில்தான் அந்த டொக்டர் பிள்ளையும் பேசுகிறாள், என் கணவர் என்னை எழுப்பித் தேத்தண்ணி தருகிறார். வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டால் அண்ணா வராமல் போவார் என்பது எப்படி? நேர்த்தியும் வெறும் சொற்கள்தானே. கேளுங்கள் அம்மாவிடம், காற்றில் எழும்பி அடங்குகிற சத்தத்துக்காக ஒரு மனிதனை மழையில் போடுவாரா?

கோபத்தில் எழுதுகிறேன். அடித்துவிட்டுத் திருப்பி எழுத மனமில்லை.

அப்பா சொல்வதையெல்லாம் எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்களுக்குச் சிங்களம் தெரியாது என்பது நல்லதுதான். உங்கள் காதில் என்ன விழுகிறதோ அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எப்போது சொன்னார், யார் கிட்ட நின்றார், என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பேச்சை அறிய முதல் வழி அதுதான். போன கிழமை வகுப்பில் பெயர் சொல்லாமல் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். எண்ணினால் அவர் ஒரே ஒன்றைச் சொல்வதை அறிய எல்லாருக்கும் ஆவல்.

றெபேக்கா


பள்ளிமுனை,
07.10.2024

றெபேக்காவுக்கு,

அப்பா கட்டிலில் கிடப்பது உன் பெட்டை பெடியளுக்குப் பாடமா? ஆவலாம். அவர்களை இங்கே அனுப்பு, ஒரு நாள் படுக்கைச் சீலை மாற்றட்டும், ஆவல் தீர்ந்துவிடும்.

சொல் வெறும் சத்தம் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நீ கலியாணத்தில் "ஓம்" என்று சொன்னது என்ன? அந்த ஒரு சத்தத்துக்காகத்தானே நாலு வருசம் வீட்டை விட்டாய். அதைக் காற்றில் அடங்க விட்டிருக்கலாமே. ஊருக்கெல்லாம் சொல்லுக்கு வலு இல்லை, உனக்கு மட்டும் உண்டா? அம்மாவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் தம்பிக்காக அவர் கையில் மிஞ்சியிருக்கிறது அந்த ஒரு சொல்தான். முறைப்பாடு எழுதாத கந்தோர் இல்லை, தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காத றோட்டு இல்லை. எல்லாம் கைவிட்ட பிறகும் அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறார். "அவரை உள்ளுக்க எடுத்தா, என்ர பிள்ளையை நானே வெளிய தள்ளின மாதிரி" என்கிறார். நான் எதைச் சொல்லி மறுப்பது? நீயே சொல்லு.

என்றாலும் நீ கேட்டதை எழுதியிருக்கிறேன். கொம்பனியில் என்னோடு நண்டு உடைக்கிற ஸரீனாவைக் கூட்டிவந்தேன். சிலாவத்துறைப் பிள்ளை, இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவள், சிங்களம் நல்லாகத் தெரியும். அப்பாவின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் இருந்து கேட்டாள். பிறகு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "அக்கா, இத ஒங்கட தங்கச்சிக்கிட்டயே கேளுங்க. நான் சொல்ல மாட்டன்" என்று போய்விட்டாள். அதுதான் எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

எண்ணினால் சொல்வது: ஹத்தலிஸ் ஹத்த.

அம்மா கரண்டியோடு கிட்ட வரும்போது, அதுவும் வலப்பக்கத்தால் வரும்போது: கஹன்ன எப்பா, கஹன்ன எப்பா மாத்தயா. மாத்தயா என்றால் ஐயா என்று எனக்கும் தெரியும். மனைவியை எதற்கு ஐயா என்கிறார்?

நான் ஏதாவது கேட்டால், தமிழில் எதைக் கேட்டாலும்: மம தன்னே நெஹே. சில நேரம் நெஹே மட்டும்.

படலை திறக்கிற சத்தம் கேட்கிற ஒவ்வொரு தரமும், யார் வந்தாலும்: புத்தா கோ. இதை மட்டும் மெல்லமாகச் சொல்வார். முகம் வேறு மாதிரி இருக்கும்.

தண்ணீர் கேட்பது எனக்கு இப்போது தெரியும். அதை எழுதவில்லை.

இரண்டு நாளாக இருமுகிறார்.

செலீனா


மாத்தறை,
12.10.2024

அன்புள்ள அக்கா,

கிடைத்தது. நெஹே என்றால் இல்லை. மற்றவற்றைச் சரிபார்த்து எழுதுகிறேன். வகுப்பில் சொன்னது பிழை. இனிச் சொல்ல மாட்டேன். இருமலுக்கு உடனே ஆசுபத்திரிக்குக் காட்டுங்கள்.

றெபேக்கா


பள்ளிமுனை,
18.10.2024

றெபேக்காவுக்கு,

சரிபார்க்க ஒன்றும் இல்லை. நீ ஒரு சிங்களவனோடு ஒரே வீட்டில் இருக்கிறாய், உனக்கு வாசித்த உடனே விளங்கியிருக்கும். ஸரீனா ஓடினாள், நீ ஒளிக்கிறாய். நான்தான் இங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், எனக்குத்தான் தெரியாது.

ஆசுபத்திரிக்குக் காட்டினேன். நெஞ்சில் சளி கட்டுகிறதாம். ஈரம் படாத, காற்று அடிக்காத இடத்தில் வைக்காவிட்டால் இந்த மாரி தாண்டமாட்டார் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து கொட்டிலின் திறந்த பக்கத்துக்குத் தன் சேலைகளை எடுத்துக் கட்டினார். அழுதுகொண்டுதான் கட்டினார். நேற்று முதல் மழை. சேலை எல்லாம் நனைந்து தொங்குகிறது.

எழுது. என்ன என்றாலும் எழுது.

செலீனா


மாத்தறை,
24.10.2024

அன்புள்ள அக்கா,

எழுதுகிறேன்.

ஹத்தலிஸ் ஹத்த என்பது நாற்பத்தேழு. அடைத்து வைத்த இடத்தில் காலையும் மாலையும் வரிசையில் நிறுத்தி எண்ணியிருப்பார்கள். ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒன்று, இரண்டு என்று தொடங்கியதும் அவர் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டார். கையை உடம்போடு ஒட்டியதும் அதனால்தான்.

மம தன்னே நெஹே என்றால் எனக்குத் தெரியாது. கேள்வி எதுவாக இருந்தாலும் அங்கே அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் அதுதான்.

கஹன்ன எப்பா என்றால் அடிக்காதீர்கள். அம்மாவுக்கு அவர் சொல்வது, அடிக்காதீர்கள் ஐயா.

நான் உங்களுக்கு முதல் கடிதத்தில் எழுதியது பாதிப் பிழை அக்கா. அப்பாவிடம் சிங்களம் மிஞ்சவில்லை. அவருக்குச் சிங்களம் கதைக்கவே தெரியாது. மிஞ்சியது சில கட்டிகள். செபம் போல, வசவு போல, யோசிக்காமல் வருகிற கட்டிகள். ஆயிரம் தரம் சொன்னதால் இறுகிப்போனவை. அம்மா சொன்ன பழமொழி சரிதான், சட்டியில் இருந்ததுதான் அகப்பையில் வருகிறது. ஆனால் அந்தச் சட்டியில் அதைப் போட்டது யார் என்று அம்மா யோசிக்க வேண்டும்.

இனி வலப்பக்கத்தால் போகாதீர்கள். அந்தப் பக்கம் அவருக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், திடீரென்று ஒரு கை தோன்றும். இடப்பக்கத்தால் போங்கள், வெறுங்கையை முதலில் காட்டுங்கள், அவரைவிடப் பதிவாக, நிலத்தில் இருந்துகொண்டு ஊட்டுங்கள். எண்ணாதீர்கள். கேள்வி கேட்காதீர்கள்.

கடைசியாக இருப்பது புத்தா கோ. அதற்கு எனக்கு அகராதி தேவையில்லை. அண்ணாவைக் கொண்டுபோய் ஒரு மாதம் இருக்கும். நான் பள்ளிக்கூடத்தால் வருகிறேன், அப்பா படலைக்கு வெளியே றோட்டுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தனியே வாயசைத்தபடி நிற்கிறார். என்ன அப்பா என்று கேட்டேன். சந்தையில் ஒரு பாண் வியாபாரியிடம் சிங்களத்தில் ஒரு வசனம் கேட்டுப் படித்தாராம், மறந்துவிடுவாராம், உள்ளே வைத்துச் சொல்லிப் பார்க்க ஏலாதாம். "கொம்மான்ர நேர்த்தி. அதான் வெளிய நிண்டு பாடமாக்கிறன்" என்றார். அடுத்த நாள் முதல் முகாமுக்குப் போனார். புத்தா கோ. மகன் எங்கே?

அக்கா, அப்பா படித்த முதல் சிங்களம் அதுதான். மற்றதெல்லாம் அதைக் கேட்கப் போன இடத்தில் கிடைத்தவை.

படலை திறக்கிறபோது கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அம்மா வாசலில் மறித்து வைத்திருக்கிறது அந்தக் கேள்வியைத்தான்.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதா இல்லையா என்று நீங்களே முடிவெடுங்கள். எனக்குத் தெரியவில்லை. நான் எழுதியதிலேயே பெரிய கொடுமை இதுவாக இருக்கலாம்.

றெபேக்கா


பள்ளிமுனை,
06.11.2024

றெபேக்காவுக்கு,

வாசித்துக் காட்டினேன். வீட்டுக்குள் வாசிக்க முடியாது, சிங்களச் சொல் இருக்கிறதே. கொட்டிலில், வலைக் குவியலில் இருந்துகொண்டு வாசித்தேன். அப்பா தூங்கிக்கொண்டு இருந்தார். அடிக்காதீர்கள் என்ற இடம் வந்ததும் அம்மா தன் வலக் கையை எடுத்து மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தார். கரண்டி பிடிக்கிற கை. பாண் வியாபாரியின் கதை வந்ததும், "எல்லாத்தையும் துலைச்சுப்போட்டு அதையா வைச்சிருக்கிறியள்" என்று அப்பாவிடம் கேட்டார். உனக்கு எழுதுகிறேன் என்று இப்போது அம்மாவுக்குத் தெரியும், ஆனால் என்னை ஏசவில்லை.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பங்குச் சுவாமியிடம் போனார். சுவாமி நல்ல மனிதர். "அம்மா, நேர்த்தியில இருந்து உங்களை விடுவிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. இப்பவே செய்யிறன். நீங்கள் அவரை உள்ளுக்க எடுங்கோ" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. அம்மா தலையாட்டி மறுத்துவிட்டார்.

"குடுத்த சொல்லைச் சும்மா திருப்பி எடுக்க ஏலாது சுவாமி. பிள்ளை வருமட்டும் எண்டு சொன்னனான். வந்தாத்தான் அது முடியும். இல்லாட்டி..." என்று நிறுத்தினார். பிறகு, "மரிச்சவையின்ர திருநாளுக்குப் பேர் வாசிப்பியள் தானே. அதில என்ர பிள்ளையின்ர பேரையும் சேர்த்து வாசியுங்கோ" என்றார்.

சுவாமி வேண்டாம் என்றார், யோசியுங்கோ என்றார். நானும் சொன்னேன். பதினாறு வருசம் அந்தத் திருநாளுக்குக் கோவிலுக்கே போகாத மனுசி. ஊரில் யாராவது றொஷானை "இருந்தவன்" என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டார். இந்தமுறை திருநாளன்று கோவிலில் முதல் வாங்கில் போய் இருந்தார். எமிலியானுஸ் றொஷான் என்று தம்பியின் முழுப் பெயரை வாசித்தபோது அம்மா சிலுவை அடையாளம் போட்டார். அழவில்லை. சேமக்காலையில் தம்பிக்கென்று ஒரு குழி இல்லையே. நடுவில் நிற்கிற பெரிய குருசின் காலடியில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தார். மழைத் தூறலில் அது இரண்டு தரம் நூர்ந்தது. இரண்டு தரமும் கொளுத்தினார்.

வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமல், கிறிஸ்ரியைக் கூப்பிட்டு அப்பாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் தன் கட்டிலில் கிடத்தினார். கிறிஸ்ரி படலையைத் திறந்த சத்தத்திலேயே அப்பா முழித்திருந்தார். வீட்டுக்குள் வந்ததும் சுற்றிப் பார்த்தார். அலுமாரிக்கு மேல் தம்பியின் படம். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார், புத்தா கோ.

அம்மா இடப்பக்கத்தால் போய், நிலத்தில் முழங்காலில் இருந்தார். வெறுங்கையைக் காட்டிவிட்டு அவர் கையைப் பிடித்தார். "இல்லையப்பா" என்றார். அப்பா திருப்பிக் கேட்டார். "பிள்ளை இல்லை. பூசை குடுத்திட்டன்" என்றார். தமிழ் விளங்கும் என்று நீ சொல்கிறாய். விளங்கியும்தான் கேட்டாரோ தெரியாது, மூன்றாம் தரமும் கேட்டார், புத்தா கோ.

அம்மா அவர் முகத்துக்குக் கிட்டப் போய், "நெஹே" என்றார்.

அப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை. இந்த நாலு நாளில் படலை எத்தனையோ தரம் திறந்துவிட்டது. கேட்கவே இல்லை. இருமல் குறைந்திருக்கிறது. சாப்பிடுகிறார்.

எங்கள் சத்தியங்கள் எல்லாம் தம்பி வரும்வரைதான். என்னுடையதும் அப்படித்தான். இன்று காலை அம்மாவே சொன்னார், "அவளை எடுக்கச் சொல்லு. புருசனோட வரட்டும். இந்த மனுசனோட கதைக்க ஆரும் வேணும்." ஆகவே நீ இனி எனக்குத் தொலைபேசி எடுக்கலாம். பழைய நம்பர்தான்.

செலீனா


மாத்தறை,
13.11.2024

அன்புள்ள அக்கா,

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை காலை இங்கிருந்து வெளிக்கிடுகிறோம். சுமேத தமிழில் அம்மாவுக்குச் சொல்ல ஒரு வணக்கம் பாடமாக்கிக்கொண்டு இருக்கிறார். அறைக்குள்தான்.

கடிதம் கிடைத்த அன்றே உங்கள் நம்பரைத் தொலைபேசியில் தட்டினேன். ஒவ்வொரு நாளும் தட்டுகிறேன். பச்சைப் பொத்தானில் விரல் வைக்கிறேன், அமத்தவில்லை. சொல் வெறும் சத்தம் என்று உங்களுக்கு எழுதியவள் நான். வருசத்துக்கு இருநூறு பிள்ளைகளுக்கு அதைப் படிப்பிக்கிறேன். ஆனால் நான் அழைத்து, நீங்கள் எடுத்து, "ஹலோ" என்று சொல்லிவிட்டால், அண்ணா இல்லை என்று நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும். அம்மாவால் முடிந்தது. என்னால் முடியவில்லை அக்கா.

அதனால்தான் கடிதம் போடுகிறேன்.

றெபேக்கா